மலை ஊரில் மெக்ஸிகோ கோழி சூப்: என்ன கோளாறு, எப்படிச் சரிசெய்வது

ஊட்டி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மெக்ஸிகோ நகரமும் அதே உயரம்தான். அந்த நகரத்தின் தெற்கே உள்ள த்லால்பான் பகுதியின் பெயரில் ஒரு கோழி சூப் உண்டு: கால்தோ த்லால்பென்யோ. எலும்போடு வெந்த கோழிச் சாறு, கொண்டைக்கடலை, காய்கறி, புகையில் உலர்த்திய சிபோட்லே மிளகாய், பரிமாறும்போது மேலே பட்டர் ஃப்ரூட் துண்டுகள், எலுமிச்சைச் சாறு. ஒரு கிண்ணம் குடித்தால் ராத்திரிச் சாப்பாடு முடிந்தது. டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் ராத்திரிகளுக்கு இதைவிட நல்ல சூப் எனக்குத் தெரியாது.

ஊட்டியில் தண்ணீர் 100 டிகிரி வரை போவதில்லை, 92 அல்லது 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொடைக்கானலில் கிட்டத்தட்ட 93. குன்னூரும் கோத்தகிரியும் கொஞ்சம் கீழே இருப்பதால் 94 பக்கம். மெக்ஸிகோ நகரத்துச் சமையலறையிலும் இதே கதைதான். அதனால் "மலையில் இதெல்லாம் வேகாது" என்று ஒதுக்க வேண்டாம். கடற்கரை ஊர்க் கணக்கில் எழுதிய நேரத்தை இங்கே அப்படியே வைத்தால்தான் சிக்கல். இந்த சூப்பில் வரும் பெரும்பாலான கோளாறுகளுக்குக் காரணம் பொருள் கிடைக்காதது அல்ல. எதை முதலில் போடுவது, எதைக் கடைசியில் போடுவது என்ற வரிசை பிசகுவதுதான்.

முதலில் சரியான வரிசை

நான்கைந்து பேருக்கு: எலும்போடு கோழி ஒரு கிலோ, கொண்டைக்கடலை 150 கிராம், தக்காளி 3, பெரிய வெங்காயம் 1, பூண்டு 6 பல், காஷ்மீரி மிளகாய் 3, குண்டு மிளகாய் 1, கேரட் 2, மேராக்காய் 1, சீரகம் அரை டீஸ்பூன், உலர்ந்த ஓரிகனோ ஒரு டீஸ்பூன், தண்ணீர் இரண்டரை லிட்டர், உப்பு. மேலே போட கொத்தமல்லி, எலுமிச்சை, பட்டர் ஃப்ரூட். சிபோட்லே டப்பா கிடைத்தால் ஒரு மிளகாய் போதும், குண்டு மிளகாய் வேண்டாம்.

கடலையை ஊறவைத்து, குக்கரில் தனியாக வேகவையுங்கள். கோழியைப் பச்சைத் தண்ணீரில் போட்டு, பாதி வெங்காயமும் இரண்டு பல் பூண்டும் சேர்த்து, மெல்லிய தீயில் சாறு இறக்குங்கள். தக்காளி, மீதி வெங்காயம், மீதிப் பூண்டு மூன்றையும் கல்லில் சுட்டு, வறுத்து ஊறவைத்த மிளகாயோடும் சீரகத்தோடும் அரைத்து, எண்ணெயில் வதக்குங்கள். அந்த விழுதைச் சாற்றில் கலந்து, வெந்த கடலையும் கேரட்டும் மேராக்காயும் ஓரிகனோவும் போடுங்கள். காய் வெந்ததும் பிய்த்த கோழியைச் சேர்த்து இறக்குங்கள். எலுமிச்சை, கொத்தமல்லி, பட்டர் ஃப்ரூட் மூன்றும் கிண்ணத்தில்தான், பாத்திரத்தில் அல்ல.

மேராக்காய் என்று நாம் சொல்லும் சௌசௌவின் பூர்வீகமே மெக்ஸிகோவும் அதை ஒட்டிய நாடுகளும்தான். அங்கே வீட்டுக் கோழி சூப்பில் அது சாதாரணமாக விழும். பழனி மலையிலும் நீலகிரியிலும் கொடி கொடியாகக் காய்ப்பதை விட்டுவிட்டு, ப்ரோக்கோலி தேடி அலைய வேண்டாம்.

"கொண்டைக்கடலை எவ்வளவு நேரமானாலும் வேகலை"

அதிகம் பேர் சொல்லும் குறை இது. இதற்கு நான்கு காரணங்கள் உண்டு. பெரும்பாலும் இரண்டு சேர்ந்தே வரும்.

ஊறாத கடலை முதல் காரணம். குளிர்ந்த தண்ணீரைக் கடலை மெதுவாகத்தான் குடிக்கும். கோயம்புத்தூரில் ராத்திரி போட்டால் காலையில் ஊறியிருக்கும். ஊட்டியில் ஜனவரி மாதத்துச் சமையலறையில் அது நடக்காது. நன்றாகக் கொதித்த தண்ணீரை ஊற்றி, ஒரு டீஸ்பூன் உப்பும் போட்டு, மூடி வையுங்கள். பன்னிரண்டு மணி நேரம் இருக்கட்டும். பிறகு ஒரு கடலையை எடுத்து நகத்தால் இரண்டாகப் பிளந்து பாருங்கள். நடுவில் வெளுத்த, மாவு போன்ற புள்ளி தெரிந்தால் இன்னும் ஊற வேண்டும். அந்தப் புள்ளியோடு குக்கரில் ஏற்றினால், வெளித்தோல் கிழிந்து உள்ளே கறுக்கென்று நிற்கும்.

இரண்டாவது, புளிப்பு. தக்காளியையோ எலுமிச்சையையோ வேகாத கடலையோடு சேர்த்துவிட்டால், புளிப்பு கடலையின் செல் சுவரை இறுக வைத்துவிடும். அதன்பின் ஒரு மணி நேரம் கொதித்தாலும் அரைவேக்காடுதான். கடலையைத் தனியாக வேகவைக்கச் சொல்வது இதற்காகத்தான். ஏற்கெனவே தக்காளி விழுதோடு போட்டுவிட்டீர்களா? கடலையை மட்டும் கரண்டியால் அள்ளி, தண்ணீரில் அலசி, வெறும் தண்ணீரில் ஒரு சிட்டிகை ஆப்பசோடா போட்டுக் குக்கரில் ஏற்றுங்கள். முழுதாகச் சரியாகாவிட்டாலும் சாப்பிடும் பதத்துக்கு வந்துவிடும். சோடா சிட்டிகைக்கு மேல் போனால் சோப்பு வாடை அடிக்கும்.

மூன்றாவது, விசில் கணக்கு. குக்கர் வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல்தான் தன் அழுத்தத்தைக் கூட்டுகிறது. மலையில் காற்றழுத்தமே குறைவு. சமவெளியில் 121 டிகிரி வரை போகும் அதே குக்கர் ஊட்டியில் 117 டிகிரி அளவில் நின்றுவிடும். 2000 அடிக்கு மேல் ஒவ்வொரு 1000 அடிக்கும் 5 சதவீதம் நேரம் கூட்டுவது குக்கர் சமையலில் பொதுவான கணக்கு. 7300 அடிக்கு மேல் இருக்கும் ஊட்டிக்கு அது கால் பங்குக்குச் சற்று மேல் வரும். ஒரு விசில் வந்ததும் தீயைக் குறைத்து, சமவெளியில் 20 நிமிடம் வைப்பவர்கள் இங்கே 25 நிமிடம் வையுங்கள். விசிலை எண்ணாதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள். தீ கூடினால் விசில் அடிக்கடி வரும், கடலை சீக்கிரம் வெந்துவிடாது.

நான்காவது, பழைய கடலை. தோல் சுருங்கி, நிறம் மங்கி, ஊறியும் பருக்காமல் கிடந்தால் அது எந்த வைத்தியத்துக்கும் மசியாது. வேறு கடையில் புதிதாக வாங்குங்கள்.

"சூப் கசக்குது"

கசப்புக்குக் காரணத்தைக் கண்டுபிடிக்காமல் சர்க்கரை போடாதீர்கள். கசப்பு போகாது, இனிப்பும் கசப்புமாகச் சேர்ந்து இன்னும் கெடும்.

மிளகாய் ஊறிய தண்ணீரை முதலில் நாக்கில் வைத்துப் பாருங்கள். அது கசந்தால் மிளகாய் கருகியிருக்கிறது. காய்ந்த மிளகாயைக் கல்லில் வைத்து ஒரு பக்கத்துக்குப் பத்துப் பதினைந்து விநாடிக்கு மேல் விடக்கூடாது. வாசனை கிளம்பி, நிறம் லேசாக மாறினால் எடுத்துவிட வேண்டும். கறுப்பு விழுந்த மிளகாயை மனசு கேட்காமல் போட்டு அரைத்தால் மொத்தச் சட்டியும் போய்விடும். தூக்கிப் போட்டுவிட்டு வேறு வறுப்பதே லாபம். தக்காளி கதை வேறு: அதன் தோல் அங்கங்கே கறுப்பது நல்லது, மெக்ஸிகோ சமையலின் சுவையே அதில்தான். பூண்டை மட்டும் தோலோடு சுட்டு, பிறகு உரியுங்கள். உரித்துச் சுட்டால் கருகிக் கசக்கும்.

மிளகாய் சரியாக இருந்தால் பட்டர் ஃப்ரூட்டைச் சந்தேகப்படுங்கள். அதைக் கொதிக்கும் சூப்பில் போட்டு வைத்தால் கசப்பு ஏறும். பரிமாறும் கிண்ணத்தில் போட்டு, மேலே சூப்பை ஊற்றினால் போதும். எலுமிச்சைக்கும் இதே விதி. பிழிந்த மூடியை சூப்பில் மிதக்க விடுவது சிலருக்குப் பழக்கம். தோலும் கொட்டையும் சூட்டில் கசப்பை இறக்கிவிடும்.

நாட்டுக்கோழியை வீட்டில் அறுத்துச் சுத்தம் செய்திருந்தால், பித்தப்பை உடைந்திருக்கிறதா என்று நினைத்துப் பாருங்கள். ஈரலின் மேலோ வயிற்றுப் பகுதியிலோ பச்சைக் கறை தெரிந்தால் அதுதான். அந்த இடத்தை வெட்டி எறிந்துவிட்டுச் சமைக்க வேண்டும். சாற்றில் இறங்கிவிட்டால் எடுக்க வழி இல்லை.

கசப்பு லேசாக இருந்தால் கால் பங்கு சாற்றை எடுத்துவிட்டு வெறும் கோழிச் சாறு சேர்த்துப் பாருங்கள். மிளகாய் விழுதே கருகியிருந்தால், கோழியையும் கடலையையும் அலசி எடுத்துக்கொண்டு, சாற்றைப் புதிதாகச் செய்வதுதான் நேர்மையான வழி.

"நல்லாதான் இருக்கு, ஆனா சால்னா மாதிரி இருக்கு"

கை தன்னால் போகும் டப்பாக்கள்தான் காரணம். மஞ்சள் தூள், மல்லித் தூள், கரம் மசாலா, இஞ்சி பூண்டு விழுது, கறிவேப்பிலை: இந்த ஐந்தும் இந்த சூப்பில் கிடையாது. இஞ்சியைக் கூட விட்டுவிடுங்கள். சீரகம் அரை டீஸ்பூனைத் தாண்டினால் ரசம் எட்டிப் பார்க்கும். மெக்ஸிகோ வாசனை நான்கு இடங்களிலிருந்து வருகிறது: சுட்ட தக்காளி, வறுத்த மிளகாய், புகை, ஓரிகனோ. கடைசியில் எலுமிச்சையும் கொத்தமல்லியும் அதைத் தூக்கிக் கொடுக்கும்.

நாம் தக்காளியை நறுக்கி வதக்கி அரைப்போம். அங்கே முழுசாகச் சுட்டு, அரைத்து, பிறகு வதக்குவார்கள். இந்த ஒரு மாற்றமே சூப்பின் முகத்தை மாற்றிவிடும். சுடுவதற்குத் தோசைக்கல்லை எடுக்காதீர்கள். தக்காளியின் புளிப்பு கல்லில் படிந்த எண்ணெய்ப் பதத்தை உரித்துவிடும், அடுத்த நாள் தோசை ஒட்டும். சப்பாத்திக் கல்லோ பழைய இரும்புச் சட்டியோ போதும். வெட்டாமல், எண்ணெய் விடாமல், நான்கு பக்கமும் திருப்பிச் சுடுங்கள். சாறு கசிந்து தோல் சுருண்டால் ஆயிற்று.

அரைத்த விழுதைச் சூடான எண்ணெயில் ஊற்றும்போது சீறும், தள்ளி நின்று கிளறுங்கள். சிவப்பு அடர்ந்து செங்கல் நிறத்துக்கு வந்து, ஓரத்தில் எண்ணெய் பிரியும் வரை வதக்க வேண்டும். பச்சை வாசனை அடிக்கிறது என்ற குறைக்கும் இதுதான் மருந்து: பத்து நிமிடம் பொறுமை. எண்ணெய் கடலெண்ணெயாகவோ சூரியகாந்தி எண்ணெயாகவோ இருக்கட்டும். கூடலூர்ப் பக்கம் தேங்காய் எண்ணெயில் தாளிப்பவர்கள் உண்டு. அது 24 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்கும், ஊட்டிக் குளிரில் சூப் ஆற ஆற மேலே வெள்ளை ஏடு கட்டும்.

சிபோட்லே என்பது பழுத்த ஹாலப்பென்யோ மிளகாயைப் புகையில் உலர்த்தியது. அந்தப் புகை வாசனைக்கு மாற்று நம் கையிலேயே இருக்கிறது. வதக்கிய விழுதை ஒரு பாத்திரத்தில் எடுத்து, நடுவில் சின்னக் கிண்ணம் வைத்து, கனன்று சிவந்த கரித்துண்டு ஒன்றை அதில் போட்டு, இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு உடனே மூடுங்கள். ஐந்து நிமிடம் போதும், பத்தானால் தார் வாடை வரும். இதைச் செய்யும்போது ஜன்னல் திறந்திருக்க வேண்டும், முடிந்ததும் கரியை வெளியே கொண்டுபோய்த் தண்ணீர் ஊற்றி அணையுங்கள். குளிருக்கு இதமாக இருக்கிறது என்று கனல் கரியை அறைக்குள் வைத்துக் கதவடைத்தால், கண்ணுக்குத் தெரியாத கார்பன் மோனாக்சைடு ஆளைத் தூக்கத்திலேயே கொன்றுவிடும். மலை ஊரில் இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

ஓரிகனோவில் ஒரு நுணுக்கம் உண்டு. மெக்ஸிகோ ஓரிகனோவும் பீட்சாவில் தூவும் ஓரிகனோவும் வேறு வேறு செடிக் குடும்பம், ஆனாலும் வாசனை உறவு நெருக்கம். பீட்சா பாக்கெட் ஓரிகனோவையே உள்ளங்கையில் வைத்து நன்றாகத் தேய்த்துப் போடுங்கள். அதுவும் இல்லையென்றால் தொட்டியில் நிற்கும் கற்பூரவல்லியில் சின்ன இலை ஒன்று. இரண்டாவது இலை போட்டால் சளிக் கஷாயம் ஆகிவிடும்.

ஏற்கெனவே மசாலா விழுந்துவிட்டால் எடுக்க முடியாது. இன்னும் இரண்டு தக்காளி சுட்டு அரைத்து வதக்கிச் சேர்த்து, கிண்ணத்தில் எலுமிச்சையையும் கொத்தமல்லியையும் தாராளமாக்குங்கள்.

"கறி நார் நாராப் போச்சு"

பிராய்லர் கோழியின் நெஞ்சுக்கறியைத் தொடையோடு கடைசி வரை கொதிக்க விட்டால் இப்படித்தான் ஆகும். சாறு தளதளக்கத் தொடங்கி 20, 25 நிமிடத்தில் நெஞ்சுக்கறியை வெளியே எடுத்து, ஆறவைத்துப் பிய்த்து வைத்துக்கொண்டு, எலும்பை மட்டும் திரும்பச் சாற்றில் போடுங்கள். பிய்த்த கறி இறக்கும் நேரத்தில்தான் சேர வேண்டும். தொடையும் முதுகும் முக்கால் மணி நேரம் தாங்கும். கறியின் தடித்த பாகத்துக்குள் 74 டிகிரி எட்டினால் வெந்தது என்று கணக்கு. எலும்போரம் சிவந்திருப்பதை வைத்து மட்டும் பச்சை என்று முடிவு கட்டாதீர்கள். இளம் பிராய்லரில் எலும்பு மஜ்ஜையின் நிறம் கறியில் இறங்குவது உண்டு.

நாட்டுக்கோழி என்றால் பிரச்சினை நேர்மாறு. திறந்த பாத்திரத்தில் 92 டிகிரியில் அது மசிய இரண்டு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். குக்கரே சரி. சாறு மட்டும் பிராய்லரைவிட நூறு மடங்கு நன்றாக இருக்கும்.

"சாறு கலங்கலா இருக்கு"

மலையில் கொதிநிலை குறைவு என்பதால், கொதி எவ்வளவு பொங்கினாலும் பரவாயில்லை என்று நினைக்க வேண்டாம். சாற்றைக் கலக்குவது சூடு மட்டும் அல்ல, புரட்டல். பொங்கிப் புரளும்போது கொழுப்பு பொடிப்பொடியாக உடைந்து சாற்றோடு கலந்துவிடுகிறது. ஓரத்தில் மட்டும் குமிழி எழும் தீ போதும். முதல் பத்து நிமிடத்தில் வரும் நுரையை அள்ளிவிடுங்கள். கலங்கிய சாறு கெட்டது அல்ல. எப்படியும் சிவப்பு விழுது கலக்கப் போகிறது.

"தண்ணியா இருக்கு, கெட்டிப்படவே இல்லை"

கார்ன் ஃப்ளோர் கரைத்து ஊற்றாதீர்கள், அது ஓட்டல் சூப்பின் வழுவழுப்பைத் தரும். வெந்த கடலையில் ஒரு கைப்பிடியை மசித்துச் சேருங்கள். அல்லது காய்ந்த மக்காச்சோள ரொட்டித் துண்டு ஒன்றை மிளகாய் விழுதோடு அரையுங்கள். இது மெக்ஸிகோவில் பழைய வழக்கம். மாறாகச் சாறு வற்றி உப்பு ஏறியிருந்தால் சுடுதண்ணீர் ஊற்றுங்கள். மலையில் சமையல் நேரம் நீள்வதால் ஆவியாகப் போவதும் கூடும், முதலிலேயே ஒரு டம்ளர் கூடுதலாக வைப்பது நல்லது.

"காரம் தாங்கலை"

பட்டர் ஃப்ரூட்டைக் கூட்டுங்கள். மிளகாயின் உறைப்பு கொழுப்பில் கரையும், தண்ணீரில் கரையாது. கெட்டித் தயிர் ஒரு ஸ்பூன் மேலே வைத்தாலும் அடங்கும்.

"பட்டர் ஃப்ரூட் கல்லு மாதிரி கிடக்கு"

மரத்தில் இருக்கும்போது அது பழுக்காது, பறித்த பிறகுதான் பழுக்கும். குளிர் அதைத் தள்ளிப்போடும். ஃப்ரிட்ஜ் பக்கமே கொண்டு போகாதீர்கள். வாழைப்பழத்தோடு செய்தித்தாளில் சுற்றி அரிசி டிரம்முக்குள் வையுங்கள். வாழைப்பழம் விடும் எத்திலீன் வாயு பழுக்கவைக்கும். சமைக்கும் நாளுக்கு நான்கைந்து நாள் முன்பே வாங்குவது உத்தமம். காம்பின் அருகே அழுத்தினால் லேசாக அமுங்க வேண்டும். பழுக்காமலே போனால் அந்த இரவு சூப்பைப் பட்டர் ஃப்ரூட் இல்லாமல் குடியுங்கள். காயை வெட்டிப் போட்டால் ரப்பரும் துவர்ப்பும்தான் மிச்சம்.

"சோளம் போட்டேன், வேகவே மாட்டேங்குது"

ஸ்வீட் கார்ன் என்றால் கடைசி ஐந்து நிமிடத்தில் போடுங்கள், அவ்வளவே. உலர்ந்த மக்காச்சோள மணியை அப்படியே போட்டால் மணிக்கணக்கில் கொதித்தாலும் தோல் விடாது. மெக்ஸிகோவில் அதைச் சுண்ணாம்பு கலந்த தண்ணீரில் வேகவைத்து ஊறவிட்டு, தோலைத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் சூப்பில் சேர்ப்பார்கள். பொசோலே என்ற சூப் அப்படித்தான். அது தனி வேலை, இந்த சூப்புக்கு அவசியம் இல்லை.

மேலே தூவும் மொறுமொறுப்புக்கும் ஒரு வார்த்தை. சோள ரொட்டியை நறுக்கிப் பொரித்து வைத்தால், மூடுபனி இறங்கும் மாலையில் அரை மணி நேரத்தில் தளர்ந்துவிடும். பந்தி போடும்போது பொரியுங்கள். முன்கூட்டியே பொரித்தது நமுத்திருந்தால் வெறும் கல்லில் இரண்டு நிமிடம் புரட்டினால் மீண்டும் மொறுமொறுப்பாகும்.

"மறுநாள் பார்த்தா ஜெல்லி மாதிரி உறைஞ்சிருக்கு, கெட்டுப்போச்சா?"

கெடவில்லை. கோழியின் மூட்டு, தோல், கால் இவற்றிலிருந்து இறங்கிய ஜெலட்டின் குளிர்ந்து கட்டியிருக்கிறது. நல்ல சாறு என்பதற்கு அதுவே சாட்சி, சூடு பண்ணினால் இளகிவிடும். கெட்டதா என்பதை உறைதலை வைத்துப் பார்க்காதீர்கள், எங்கே இருந்தது என்பதை வைத்துப் பாருங்கள். "ஊட்டியே ஃப்ரிட்ஜ் மாதிரிதானே" என்று ராத்திரி முழுக்க அடுப்பு மேடையிலேயே மூடி வைப்பவர்கள் நிறைய. சமையலறை 12, 15 டிகிரியில் இருந்தால் நமக்குக் குளிர், கிருமிக்கு அது போதுமான இடம். 5 டிகிரிக்குக் கீழே போனால்தான் அவை அடங்கும். பெரிய பாத்திரத்தோடு ஆறவிடாமல், சின்னச் சின்னப் பாத்திரங்களில் பிரித்து, இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வையுங்கள். மறுநாள் வேண்டியதை மட்டும் எடுத்து, தளதளவென்று கொதிக்கவிட்டு, புது எலுமிச்சை பிழிந்து குடியுங்கள். மேலே கட்டியிருக்கும் கொழுப்பு ஏடு அதிகமென்று தோன்றினால் சூடு பண்ணுவதற்கு முன்னாலேயே ஸ்பூனால் வழித்து எடுத்துவிடலாம்.